உதவித்தொகை மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்வது எப்படி?

கணவர் மவ்த்தாகி, இத்தா முடிந்து, ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு மனுக் கொடுத்த சகோதரிகள் சிலர் தாலுகா அலுவலகத்தில் கேட்கும் பதில் இது: "உங்களுக்கு மகன் இருக்காரேம்மா, கிடைக்காது." அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி விடுகிறார்கள். 2023-ல் இந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது சிறிய தொகை அல்ல.

வாயால் சொன்ன மறுப்பை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. எனவே முதலில் கேட்க வேண்டியது எழுத்து மூலமான உத்தரவு. மனுக் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். உத்தரவு தர மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, வி.ஏ.ஓ. மற்றும் வருவாய் ஆய்வாளர் அறிக்கைகளின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிப்பது அலுவலகத்தின் கடமை என்று அதே சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது.

எழுத்தில் வாங்குவதை நாம் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓர் உத்தரவை அதில் எழுதப்பட்டுள்ள காரணத்தை வைத்தே எடைபோட வேண்டும், வழக்கு வந்த பிறகு புதுக் காரணங்களைச் சேர்த்து அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே கூறிவிட்டது. "மகன் இருக்கிறார்" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த மகன் தாயைப் பராமரிக்கிறாரா என்று அதிகாரி விசாரித்தாரா என்பதே கேள்வியாகும்.

அடுத்து ஆர்.டி.ஓ.வுக்கும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கும் மனுக் கொடுங்கள். மேலதிகாரியிடம் போனீர்களா என்று நீதிபதி கேட்பார். அங்கும் நடக்கவில்லை என்றால் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தென்மாவட்டத்தார் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. ரிட் மனுவுக்குக் காலக்கெடு என்று எதுவும் சட்டத்தில் இல்லை. இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள் கழிந்ததால் உரிமை போய்விடாது. ஆனால் காரணமின்றி ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தால், அதையே சொல்லி மனுவைத் தள்ளிவிடலாம்.

வக்கீல் செலவை நினைத்தே பலர் பின்வாங்குகிறார்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி இலவச வழக்கறிஞர் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். ஜமாஅத் அலுவலகப் பலகையில் இந்த எண்ணை எழுதி வைத்தால் நல்லது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நீதிமன்றம் பெரும்பாலும் நேரடியாகப் பணம் வழங்கச் சொல்லாது. மறுப்பை ரத்து செய்து, மனுவை இத்தனை வாரத்துக்குள் மீண்டும் பரிசீலிக்கும்படி உத்தரவிடும். அந்த நகலை உடனே தாலுகா அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனுப் போடலாம். அதை ஓராண்டுக்குள் செய்துவிட வேண்டும்.