கணக்கேட்டில் ஏறாத கடலறிவு

செட்டிநாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூன்று சான்றுகளைக் கொண்டே எழுதுகின்றனர்: பெருவீடுகள், கோயில் திருப்பணிகள், கணக்கேடுகள். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நிற்கும் வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை என்பதை இப்பகுதியில் அறியாதார் இலர். வரவும் வட்டியும் குறித்த ஏடுகள் கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என ஊர்ப் பெயர்களைச் சுமந்து நிற்கின்றன. ஆயின் அவ்வூர்களுக்கு இடையே கிடந்த கடலைக் கடத்திவிட்டோரின் அறிவுக்கு அக்கணக்கேடுகளில் இடமில்லை. பணம் சென்ற வழி எழுதப்பட்டது; கலம் சென்ற வழி எழுதப்படவில்லை.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகச் சென்றால் தொண்டித் துறை வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கக் கடலில் நீராவிக் கப்பல்கள் பெருகும்வரை கடல் கடக்கப் பாய்க்கப்பலன்றி வேறு வழியில்லை. பின்னர்ப் பயணிகள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நீராவிக் கப்பல் ஏறினர். எனினும் அரிசியும் மரமும் ஓடும் ஏற்றிய பாய்மரத் தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நடத்திய தலைவனுக்குத் தண்டையல் என்று பெயர்.

தண்டையலின் முதற்பாடம் ஆழம். தொண்டிக்கு எதிரே விரிந்த பாக்கு விரிகுடா, பெரும்பகுதியும் 7 பாகத்துக்கு மேல் ஆழமில்லாத கடல். இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தை அளப்பர். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி விட்டால் அடித்தரையின் மணலோ சேறோ சிப்பியோ அதில் ஒட்டி வரும். இருளிலும் மூடுபனியிலும் கரை எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதை அந்தப் பிடி மண் சொல்லிவிடும்.

இரண்டாவது பாடம் விரைவு. முன்னணியத்தில் ஒரு மரத்துண்டை நீரில் எறிந்து, அது பின்னணியத்தைக் கடக்கும்வரை எண்ணுவர். 89 அடி நீளமுள்ள கப்பலை அத்துண்டு பத்து நொடியில் கடந்தால், கப்பல் மணிக்கு ஐந்தேகால் கடல் மைல் அளவில் செல்கிறது எனலாம். எந்தத் திசையில், எந்த விரைவில், எத்தனை நாழிகை சென்றோம் என்னும் மூன்றையும் சேர்த்தால் கலம் நிற்கும் இடம் புலப்படும். செயற்கைக்கோள் துணையோடு தனிப் படகில் உலகம் சுற்றுவோர்க்கும், கருவி கெட்டபோது கைகொடுக்க, இன்றும் கற்பிக்கப்படுவது இதே கணக்குத்தான்.

மூன்றாவது விண்மீன். கையை நீட்டி, அடிவானுக்கும் துருவ மீனுக்கும் இடைப்பட்ட உயரத்தை விரலால் அளக்கும் முறை இந்தியப் பெருங்கடல் மாலுமிகளிடையே வழங்கியது. ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. தொண்டியில் துருவ மீன் ஆறு விரல் உயரத்தில் தாழ்ந்து நிற்கும். இரங்கூன் ஆற்று முகத்தில் பத்து விரலுக்கு ஏறிவிடும். அந்த உயரம் வரும்வரை வடக்கேறி, பின்பு உயரம் மாறாமல் கிழக்கே ஓடினால் துறை தப்பாது.

நான்காவது காற்று. தமிழ்க் கவிஞர்க்கு வாடையும் கொண்டலும் தென்றலும் கோடையும் புதியன அல்ல. ஆயின் கவிதையில் வாடை பிரிவுத் துயரை மிகுவிக்கும் காற்று. வங்கக் கடலிலோ தென்மேற்குக் காற்று கலத்தைக் கிழக்கே கொண்டு செல்லும். ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் ஓய்ந்தபின் வீசும் வடகிழக்குக் காற்றே திருப்பிக் கொணரும். பர்மா சென்றவனுக்காகக் காத்திருந்த வீட்டுக்கு வாடை, வரவு சொல்லும் காற்றாகவே இருந்திருக்கும்.

இவ்வறிவு கரையோரத்தளவில் நின்றுவிட்டதா என்னும் வினாவுக்கு ஒரு கப்பல் விடை தருகிறது. பாக்கு நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை, பர்மாவரை பாய்க்கப்பல் ஓட்டிய ஊர். அங்கே வேப்பமரத்தால் கட்டப்பட்டது 'அன்னபூரணி'. நீளம் 89 அடி. 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயரிட்டார். 1937இல் வல்வெட்டித்துறையை விட்ட அக்கப்பல், செங்கடல், சூயசுக் கால்வாய், நடுநிலக் கடல், சிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்சு மாநிலத்துக் கிளவுசெஸ்டர் துறையை அடைந்தது. அதில் சென்ற தமிழ் மாலுமிகள் ஐவர். அவர்களின் தலைவர் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. தம் ஊர் வானில் ஆறு விரலளவில் நின்ற மீனை அவர்கள் அங்கே இருபத்தாறு விரலுக்கும் மேலே கண்டனர்.

அதே 1937இல் மற்றொரு தமிழரும் அட்லாண்டிக்கில் இருந்தார். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார், அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருந்தபோதுதான் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் கொண்டார். 1940இல் அது திரைக்கு வந்தது. இரங்கூனில் 'தனவணிகன்' இதழையும் பின்னர்ச் சென்னையில் 'குமரி மலர்' இதழையும் நடத்திய அவர், தமிழில் பயண இலக்கியத்துக்கு ஒரு தனியிடம் தேடித் தந்தார். பயணியாகக் கடல் கடந்தவர் எழுதியதால் அவர் கண்ட உலகம் நமக்குக் கிடைத்தது. சுக்கானைப் பிடித்துக் கடல் கடந்தவர்கள் நூல் எழுதவில்லை. அவர்களின் வெற்றியை அமெரிக்கச் செய்தித்தாள்களிலும் ஊரார் நினைவிலும் தேட வேண்டியிருக்கிறது.

எழுத்து முற்றும் இல்லையென்று சொல்வதற்கில்லை. அச்சேறிய 'கப்பல் சாத்திரம்' கலம் கட்டும் மரத்தையும் அளவையும் கூறுகிறது. வலை இழுக்கவும் துடுப்புப் போடவும் பாடிய அம்பாப் பாடல்களை நாட்டார் வழக்காற்று அறிஞர் தொகுத்துள்ளனர். புவியியல் அறிஞர் பி. அருணாசலம் மாலுமிகளின் விண்மீன் அளவைகளை ஆராய்ந்து நூல் செய்தார். ஆயினும் ஒரு தண்டையல் தன் மகனுக்கு வாய்மொழியாகச் சொன்னவற்றுள் பெரும்பகுதி, பாய் இறக்கப்பட்ட நாளில் அவனோடு முடிந்தது. இது வறுமையால் நேர்ந்த இழப்பன்று. அது எழுதத்தக்க அறிவு என்று எழுதத் தெரிந்தோர் கருதாமையால் நேர்ந்தது.

எஞ்சியிருப்பவை சொற்கள். தொண்டி முதல் கோடியக்கரை வரை, மறுகரையில் வல்வெட்டித்துறை வரை, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கயிற்றுக்கும் பாய்க்கும் வழங்கும் பெயர்கள் மீனவரின் நாவில் இன்னும் உயிரோடிருக்கின்றன. வானூர்தியும் இயந்திரப் படகும் வந்தபின் அவை ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. பழம் பாடல்களுக்கு உரை தேடி ஏடுகளைப் புரட்டும் இலக்கிய அமைப்புகள், ஒரு நாள் கடற்கரைக்கும் குறிப்பேட்டோடு செல்லலாம். செட்டிநாட்டின் தேக்குத் தூண்களுக்கு விலை கொடுத்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. அவற்றைக் கரை சேர்த்தவர் அறிவும் அதனருகே எழுதப்படும்போதுதான் அக்கணக்கு நேராகும்.