பிளாண்டாவா, பிரவுனா?

1963 ஆகஸ்டில் ஒரு நாள், கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் பில் விங்கன்பாக் என்பவர் வீட்டில் எட்டு அணிகளின் சொந்தக்காரர்கள் கூடினார்கள். அந்த அணிகளுக்கு மைதானமும் கிடையாது, சீருடையும் கிடையாது. இருந்ததெல்லாம் காகிதத்தில். அமெரிக்கக் கால்பந்தில் நிஜமாக ஆடிக்கொண்டிருந்த வீரர்களை ஆளுக்கு ஒருவராக, முறைவைத்துத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அணிக்கு 20 பேர். அந்த வீரர் களத்தில் புள்ளி எடுத்தால் பட்டியல்காரருக்கும் புள்ளி. முதல் தேர்வு ஆன்டி முசலிமாஸுக்கு வாய்த்தது. அவர் சொன்ன பெயர் ஜார்ஜ் பிளாண்டா.

ஜிம் பிரவுனை அப்போது யாரும் எடுத்திருக்கவில்லை.

இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கும் ஃபேன்டசி ஃபுட்பாலின் முதல் தேர்வு அதுதான். கிரிக்கெட்டில் ட்ரீம்11 வழியாக நம் வீடுகளுக்குள்ளும் வந்த ஆட்டத்துக்கு இவர்கள் மூத்த தலைமுறை. அந்த முதல் தேர்விலேயே, வரும் வாரங்களில் ஒரு வீரர் என்ன செய்வார் என்று கணிக்கும் கலையின் முதல் சறுக்கலும் நடந்துவிட்டது. முசலிமாஸ் அவசரப்பட்டார் என்று சொல்லிவிட முடியாது. பிளாண்டா ஹூஸ்டன் ஆயிலர்ஸின் குவாட்டர்பேக். பந்தை எறிபவரும் அவரே, கம்பங்களுக்கு நடுவே உதைப்பவரும் அவரே. ஒரே ஆளிடமிருந்து இரண்டு வழியில் புள்ளி வரும். 1961-இல் 36 டச் டவுன்களுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடக்கும் ஆட்டங்களுக்கு, பந்து எறிந்திருந்தார். கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் ஜிம் பிரவுனோ, 1962-இல் மணிக்கட்டுக் காயத்தோடு ஆடி 996 யார்டுகளோடு நின்றிருந்தார். ஒன்பது ஆண்டு ஆட்ட வாழ்க்கையில் பந்தைத் தூக்கி ஓடுவதில் அவர் முதலிடம் பெறாத ஒரே ஆண்டு அது.

ஆனால் எண்களை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். பிளாண்டாவின் உச்சம் 1961-தான். அடுத்த ஆண்டே அவர் எறிந்த பந்துகளில் 42-ஐ எதிரணி பறித்துக்கொண்டது. 1963-இல் அவர் 24 டச் டவுன்களுக்கு எறிந்தார்; 25 பந்துகளை எதிரிக்குக் கொடுத்தார். அதே ஆண்டு பிரவுன் 14 ஆட்டங்களில் 1,863 யார்டு ஓடி, பத்து ஆண்டுகள் யாரும் தொடாத சாதனையைப் படைத்தார். நல்ல ஆண்டைப் பார்த்து ஒருவரை ஏற்றிவைப்பதும், காயம்பட்ட ஆண்டைப் பார்த்து இன்னொருவரை இறக்கிவிடுவதும் அன்று நடந்தது. அறுபது ஆண்டுகளாகக் கணிப்பாளர்கள் திருத்திக்கொள்ளப் போராடுவது அந்த இரட்டைப் பிழையைத்தான்.

இந்த ஆட்டம் பிறந்த சூழலே சோகமானது. 1962-இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணி ஆடிய 14 ஆட்டங்களில் 13 தோல்வி. அணியில் சிறு பங்கு வைத்திருந்த விங்கன்பாக் கிழக்குக் கரைப் பயணத்தில் அணியோடு நியூயார்க் போயிருந்தார். அங்கே ஹோட்டலில் அவரும், அணியின் மக்கள் தொடர்பாளர் பில் டன்னலும், ‘ஓக்லண்ட் டிரிபியூன்’ நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங்கும் சேர்ந்து விதிகளை எழுதினார்கள். விங்கன்பாக்குக்கு இது புதிதல்ல. ஐம்பதுகளிலேயே கோல்ஃப் வீரர்களைப் பட்டியலிட்டு, அவர்கள் அடிக்கும் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கும் ஆட்டத்தை நண்பர்களோடு ஆடியவர் அவர். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ஊர்க்காரர்கள், வேறு ஊர் வீரர்களை வைத்துத் தங்களுக்கென்று ஓர் அணி கட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கும்போது இந்த ஆட்டத்தின் மேல் ஒரு பரிவு வருகிறது.

அப்போது புள்ளி என்றால் பெரும்பாலும் டச் டவுனும் உதையும்தான். ஓடிய யார்டுகளை எண்ணிக் கூட்டும் வழக்கமெல்லாம் பின்னால் வந்தது. எனவே கணிப்பும் எளிது: கோட்டுக்கு அருகில் பந்து யார் கைக்குப் போகும்? கையில் இருந்த தகவல் செய்தித்தாளின் திங்கட்கிழமைப் பக்கம், பழைய புள்ளிவிவரப் புத்தகம், ஸ்டர்லிங் போன்றவர்கள் உடைமாற்றும் அறையில் கேட்டுவந்த பேச்சு. மற்றதெல்லாம் குத்துமதிப்பு.

குத்துமதிப்புக்கு உதவிய ஒரு காகிதம் மட்டும் அதற்கும் முன்பே பிறந்திருந்தது. அதன் கதை சூதாட்டத்தில் தொடங்குகிறது. 1946 டிசம்பர் 15 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ பேர்ஸும் சாம்பியன் பட்டத்துக்கு மோதவிருந்தன. ஆட்டத்தில் தோற்றுக்கொடுக்கச் சொல்லி ஒரு சூதாடி ஜயன்ட்ஸின் மெர்ல் ஹேப்ஸிடமும் ஃபிராங்க் ஃபில்சாக்கிடமும் பேரம் பேசியது அம்பலமானது. ஹேப்ஸைக் களமிறக்கவில்லை, ஃபில்சாக் ஆடினார், பேர்ஸ் 24-14 என்று வென்றது. அந்த ஆட்டங்களை நடத்திய லீகின் தலைவர் பெர்ட் பெல் அதிர்ந்து போனார். எந்த வீரருக்குக் காயம், யார் ஆடமாட்டார் என்ற சேதி ரகசியமாக இருக்கும்வரை அதற்கு விலை இருக்கும். விலை இருக்கும்வரை அதை வாங்க ஆள் வருவான் என்று அவர் கண்டார். அடுத்த ஆண்டே காய விவரத்தை எல்லோருக்கும் வெளியிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ‘சந்தேகம்’ என்றால் ஆட நான்கில் ஒரு வாய்ப்பு, ‘கேள்விக்குரியது’ என்றால் பாதிக்குப் பாதி, ‘அநேகமாக ஆடுவார்’ என்றால் நான்கில் மூன்று என்று பிற்காலத்தில் அதற்கு ஒரு மொழியே உருவானது. கடைசி வகையை 2016-இல் லீக் நீக்கிவிட்டது. சூதாடிகளின் கையிலிருந்து தகவலைப் பறிக்க எழுதிய அந்தப் பட்டியல்தான் இன்று ஃபேன்டசி ஆடும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாரமும் முதலில் புரட்டுவது.

முசலிமாஸ் 1968-இல் ஓக்லண்டில் ‘கிங்ஸ் எக்ஸ்’ என்ற மதுக்கூடத்தைத் திறந்தார். மறு ஆண்டே அங்கு வருபவர்களுக்கென்று ஃபேன்டசி லீக் தொடங்கியது. ரைடர்ஸ் அலுவலக வட்டத்துக்குள் இருந்த ஆட்டம் தெருவுக்கு வந்தது அங்கேதான். பிறகு பல ஆண்டுகள் அது கைக்கணக்காகவே ஊர் ஊராக நகர்ந்தது. ஒவ்வொரு லீகிலும் ஒரு பொறுப்பாளர். செய்தித்தாளை விரித்து வைத்து, ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலிலிருந்தும் எண்களை எடுத்துக் கூட்டி, தொலைபேசியில் முடிவைச் சொல்வார். 1982-இல் வந்த ‘யுஎஸ்ஏ டுடே’ நாடு முழுவதன் புள்ளிகளையும் ஒரே இடத்தில் அச்சிட்டது இவர்களுக்குப் பெரிய வரம். 1987-இல் சியாட்டிலில் ‘ஃபேன்டசி ஃபுட்பால் இன்டெக்ஸ்’ இதழ் வெளிவந்தது. குத்துமதிப்பு அச்சில் ஏறியது. கணிப்பு ஒரு தொழிலானது.

தொண்ணூறுகளில் ஜோ பிரையன்ட் என்பவர் முன்வைத்த ஒரு யோசனை இந்தத் தொழிலின் தலையெழுத்தையே மாற்றியது. ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பது பாதிக் கேள்விதான் என்றார் அவர். அதே இடத்தில் ஆடும், எளிதில் கிடைக்கக்கூடிய இன்னொருவரைவிட எத்தனை புள்ளி கூடுதல் என்பதே மீதிப் பாதி. குவாட்டர்பேக் 300 புள்ளி தருவார். ஆனால் பன்னிரண்டாவது குவாட்டர்பேக்கும் 270 தருவார் என்றால் வித்தியாசம் 30. பந்து தூக்கி ஓடும் வீரர் 250 தருவார். அந்த வரிசையில் இருபத்துநாலாவது ஆள் 130-தான் தருவார் என்றால் வித்தியாசம் 120. யாரை முதலில் எடுப்பது என்பது சந்தைக்குப் போகும் எந்த வீட்டுக்காரருக்கும் புரியும்: எங்கும் கிடைக்கிற சரக்கை மெதுவாக வாங்கலாம், அரிதான சரக்கை முதலில் வாங்க வேண்டும். 1963-இல் பிளாண்டாவை எடுத்த கையை இந்தக் கணக்கு பிரவுன் பக்கம் திருப்பியிருக்கும்.

1997-இல் சிபிஎஸ் இணையத்தில் ஃபேன்டசி ஃபுட்பாலைக் கொண்டுவந்தது. 1999-இல் யாஹூ அதை இலவசமாக்கியது. கூட்டல் வேலை இயந்திரத்துக்குப் போனது. ஒவ்வொரு வீரர் பெயருக்கும் பக்கத்தில் ‘இந்த வாரம் இவ்வளவு’ என்று ஓர் எண் வந்து உட்கார்ந்தது. அந்த எண் வரும் வழியைத் தெரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். முதலில் பந்தயச் சந்தை. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 48 புள்ளி எடுக்கும், ஓர் அணி 6 புள்ளியில் வெல்லும் என்று சந்தை சொன்னால் அது 27-21 என்று பிரிகிறது. 27 என்றால் ஏறக்குறைய மூன்று டச் டவுன். அந்த அணி எத்தனை முறை எறியும், எத்தனை முறை ஓடும் என்பது அடுத்தது. அதில் இந்த வீரரின் பங்கு எவ்வளவு, பந்து கைக்கு வந்தால் சராசரியாக எத்தனை யார்டு, எதிரணியின் தடுப்பு எப்படி, டிசம்பர் காற்றும் பனியும் எறிதலை எவ்வளவு குறைக்கும் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் 17.4 போன்ற ஓர் எண்ணில் முடிகிறது.

அந்த 17.4 ஒரு சராசரி. அதே ஆட்டத்தை நூறு முறை ஆடினால் நடுவில் எங்கே நிற்கும் என்பதற்கான விடை. சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம் நடப்பது ஒரே முறை.

அந்த ஒரே முறை எந்த வாரத்தில் வருகிறது என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. நீண்ட காலம் பெரும்பாலான ஃபேன்டசி லீகுகள் இறுதி ஆட்டத்தைப் பருவத்தின் கடைசிக்கு முந்தைய வாரமான 16-ஆவது வாரத்தில் வைத்தன. கடைசி வாரத்தில், அடுத்த சுற்று உறுதியான அணிகள் நட்சத்திரங்களை உட்கார வைத்துவிடும் என்ற பயம். 2021-இல் பருவம் ஒரு வாரம் நீண்டதும் இறுதியும் 17-ஆவது வாரத்துக்கு நகர்ந்தது. இந்தப் பாதுகாப்பும் எப்போதும் பலிக்கவில்லை. 2009-இன் 16-ஆவது வாரத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 14 ஆட்டமும் வென்று, தோல்வியே காணாமல் ஜெட்ஸை எதிர்கொண்டது. 15-10 என்று முன்னிலையில் இருந்தபோது, மூன்றாம் கால் ஆட்டத்தில் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கைப் பயிற்சியாளர் வெளியே எடுத்தார். கோல்ட்ஸ் 29-15 என்று தோற்றது. சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். மேனிங்கை நம்பி இறுதிக்கு வந்தவர்களின் கணக்கும் அங்கேயே நின்றது. பந்தை எறியும் கையைப் பற்றி எல்லாம் அறிந்த கணிப்புக்கு, பயிற்சியாளரின் மனதுக்குள் போக வழியில்லை.

மறுபக்கம் கொட்டிக்கொடுத்த வாரங்களும் உண்டு. 2017 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ராம்ஸின் டாட் கர்லி டைட்டன்ஸுக்கு எதிராக ஓடியும் பிடித்தும் 276 யார்டும் இரண்டு டச் டவுனும் எடுத்தார். 2020 கிறிஸ்துமஸ் அன்று நியூ ஆர்லியன்ஸின் ஆல்வின் கமாரா 155 யார்டு ஓடி, ஆறு முறை கோட்டைக் கடந்தார். ஒரே ஆட்டத்தில் ஓடி ஆறு டச் டவுன் என்பது 1929-இல் எர்னி நெவர்ஸ் செய்தது. 91 ஆண்டுகள் தனித்து நின்ற சாதனை. வழக்கமான கணக்கில், அந்த ஓட்டங்களுக்கு மட்டும் 51.5 புள்ளி. எந்தக் கணிப்பாளரும் முந்தைய நாள் கமாராவின் பெயருக்கு எதிரே ஆறு என்று எழுதியிருக்க மாட்டார். எழுதியிருந்தால் அவர் நல்ல கணிப்பாளர் அல்ல. நூறில் ஒருமுறைகூட நடக்காததை எதிர்பார்க்கச் சொல்வது கணிப்பு ஆகாது. கமாராவை அணியில் வைத்திருங்கள், பந்து அவரிடம்தான் போகும் என்று சொன்னதோடு கணிப்பு தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டது.

இவை எல்லாவற்றிலும் மனதை விட்டு அகலாத இரவு 2003 டிசம்பர் 22. அதுவும் 16-ஆவது வாரம். ஆட்டம் நடந்த ஊர், இந்த வழக்கம் பிறந்த அதே ஓக்லண்ட். கிரீன் பே பேக்கர்ஸின் குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வின் தந்தை முந்தைய நாள்தான் மாரடைப்பில் இறந்திருந்தார். மகன் ஆடுவாரா என்பதே தெரியாத நிலை. ஆடினார். ரைடர்ஸின் மண்ணில் 399 யார்டு எறிந்து, நான்கு டச் டவுன்கள் கொடுத்து, 41-7 என்று வென்றார். துக்கம் ஒரு மனிதனின் கையை முடக்குமா, அல்லது அதற்கு ஒரு வேகத்தைக் கொடுக்குமா? அதற்கு எந்தப் பட்டியலிலும் பத்தி கிடையாது.

2023 ஜனவரி 2, சின்சினாட்டி. 17-ஆவது வாரத்தின் கடைசி ஆட்டம். பஃபலோ பில்ஸும் சின்சினாட்டி பெங்கால்ஸும். ஜாஷ் ஆலன், ஸ்டெஃபான் டிக்ஸ், ஜோ பர்ரோ, ஜமார் சேஸ் என்று ஃபேன்டசி பட்டியல்களின் மேல்வரிசைப் பெயர்கள் எல்லாம் ஒரே களத்தில். நாடெங்கும் எண்ணற்ற லீகுகளின் பட்டம் அன்றிரவு முடிவாக வேண்டியிருந்தது. முதல் கால் ஆட்டத்தில், பந்தோடு வந்தவரை மடக்கிய பஃபலோவின் தடுப்பாட்டக்காரர் டமார் ஹாம்லின் எழுந்து நின்றார்; உடனே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது, பிறகு ரத்தானது.

பெரும்பாலான லீகுகளில் தடுப்பாட்டக்காரர்களைத் தனித்தனியாக எடுப்பதில்லை. தடுப்பு அணி மொத்தமும் ஒரே பெயராகவே சேரும். அதனால் அந்த வாரம் லட்சக்கணக்கானோர் புரட்டிய பட்டியல்களில் பெரும்பாலானவற்றில் ஹாம்லின் என்ற பெயரே இல்லை. பல லீகுகளில் இறுதிக்கு வந்த இருவரும் பரிசைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மைகள் வாங்க ஹாம்லின் 2,500 டாலர் இலக்கோடு தொடங்கியிருந்த நிதிக்குச் சில நாட்களில் 80 லட்சம் டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, மயாமி டால்ஃபின்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், ஹாம்லின் மீண்டும் களத்தில் இறங்கினார்.