பழனிசாமி: ஒரு பெயரின் வரலாறு

பழனிசாமி என்பது தமிழ்நாட்டில், குறிப்பாகக் கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் வட்டாரத்திலும், பரவலாக வழங்கும் ஆண்பாற் பெயர். பழனி மலைமேல் தண்டாயுதபாணியாக நிற்கும் முருகனின் பெயரே மக்கள் பெயராயிற்று. பழனியப்பன், பழனிவேல், பழனியாண்டி, பழனிமுத்து, பழனிக்குமார், வெறும் பழனி ஆகியவையும், பெண்களுக்கு வைக்கும் பழனியம்மாளும் இதே வேரில் கிளைத்தவை.

ஐரோப்பாவில் ஒரு பெயரின் வரலாறு பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வரலாறாக இருக்கும். ஸ்லோவாக்கியாவில் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்றான கோவாச், கொல்லர் தொழிலைக் குறிப்பது. முன்னோர் ஒருவரின் தொழில் அடையாளம் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி, பட்டறை போன பின்னும் நிலைத்துவிட்டது. அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் மிகல் கோவாச் (1993–1998) அந்தப் பெயரைத் தாங்கியவர். அவ்வீட்டுப் பெண்கள் கோவாச்சோவா ஆவார்கள். தமிழரிடம் அப்படிப்பட்ட குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லை. இங்கே இரண்டு பழனிசாமிகளை இணைப்பது இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. இருவர் வீட்டாரும் ஒரே மலைக்கு நேர்ந்துகொண்டவர்கள் என்பதே போதும். ஆகவே இந்தப் பெயரின் வரலாறு வம்சாவளியைவிடப் பாதயாத்திரை வழிகளில்தான் தெளிவாகக் கிடைக்கிறது.

பெயரின் பிறப்பு

பழனியின் சங்ககாலப் பெயர் பொதினி. அகநானூற்றின் முதற்பாட்டிலேயே மாமூலனார் அதைக் குறிப்பிடுகிறார். அப்பகுதியை ஆண்டவர்கள் ஆவியர் குடி வேளிர். மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன் அக்குடியில் வந்தவன். திருமுருகாற்றுப்படை மலையடிவாரத் தலத்தைத் திருவாவினன்குடி என்ற பெயரில் மூன்றாம் படைவீடாகப் பாடுகிறது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழில் பழனிக்குரிய பாடல்கள் ஏராளம்.

ஊர்ப்பெயருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. மாம்பழத்துக்காகக் கோபித்து வந்த பிள்ளையிடம் பெற்றோர் ‘பழம் நீ’ என்று சொன்னதாகத் தலபுராணம் கூறும். வயலைக் குறிக்கும் ‘பழனம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் சொல்லாய்வாளர். பக்தர்களுக்கு முதல் விளக்கமே நெருக்கமானது. உலகைத் துறந்து, கோவணாண்டியாக, கையில் தண்டுடன் நிற்கும் கோலத்துக்கு அந்தக் கதைதான் காரணம் சொல்கிறது. பழனியாண்டி, தண்டபாணி என்ற பெயர்கள் அந்தக் கோலத்திலிருந்தே பிறந்தன.

தாண்டிக்குடியும் மலைவழியும்

வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை வழியாக மலையேறினால் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி வருகிறது. இவ்வூர்ப் பாலமுருகன் கோயிலின் தலக்கதைப்படி, முருகன் இந்த மலையில் கால் பதித்து, இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனார். ‘தாண்டிக்குதி’யே தாண்டிக்குடி ஆனதாக ஊரார் சொல்வார்கள். பழனிக்கு முந்திய படி எங்கள் மலைதான் என்ற உரிமை அந்தக் கதையில் இருக்கிறது. பழனிச்சாமி, பாலமுருகன், தண்டபாணி, வேலுச்சாமி போன்ற பெயர்கள் இந்த மலைக்கிராமங்களில் சாதாரணமாகக் காதில் விழும்.

இம்மலையில் மனிதக் குடியிருப்பு மிகப் பழையது. கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்துக் கட்டிய ஈமச்சின்னங்கள் தாண்டிக்குடியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ளன. பாதிரியார்கள் ஆங்கிலேட், நியூட்டன் இருவரும் பழனிமலைக் கற்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பின்னர் பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார். மலையடிவாரத்துப் பொருந்தலிலும் அவர் அகழ்ந்தார்.

மலையின் முக்கிய வேளாண்குடிகளான குன்னுவர், கொங்கு நாட்டின் தாராபுரம், காங்கேயம் பகுதிகளிலிருந்து மேலேறி வந்தவர்கள் என்று அவர்களின் மரபுச் செய்தி சொல்கிறது. அவர்களுக்கு மன்னாடியார் என்ற பட்டம் உண்டு. சமவெளிக் கொங்கில் வழங்கும் பெயர்களே மலையிலும் வழங்குவதற்கு இந்தக் குடிப்பெயர்ச்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மலைக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு கதையோடு நிற்கவில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்தின் பெயர்போன வாழைப்பழம் கீழ்ப்பழனி மலையில் விளையும் விருப்பாட்சி. தண்ணீர் குறைவான, சதை இறுகிய பழம் என்பதால் பிசைந்து வைத்தால் பல நாள் கெடாது. அதனுடன் நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் சேரும். ஏலமும் இந்த மலைத்தோட்டங்களில் காப்பி, மிளகுக்கு நடுவே விளைவதுதான். பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிசாமி என்று பெயர் பெற்ற குழந்தையின் நாக்கில் முதலில் படும் பிரசாதம் இந்த மலையின் விளைச்சல்.

காவடி போன வழியில்

பெயர் எங்கெங்கே அடர்ந்து கிடக்கிறது என்று பார்த்தால், காவடி வரும் பாதைகள் தெரியும். கொங்கு நாட்டார் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து நடந்து வருவார்கள். எடப்பாடி வட்டாரத்துப் பருவதராஜகுலத்தார் தைப்பூசத்தை ஒட்டிப் பெருங்கூட்டமாகக் காவடியுடன் வந்து, மலைமேலேயே பஞ்சாமிர்தம் தயாரித்து, இரவு மலையில் தங்கும் உரிமை பெற்றவர்கள். இவ்வழிகளில் பெருவழக்கு பழனிசாமி.

செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் தைப்பூசத்துக்கு வேல் முன்செல்லக் காவடி சுமந்து நடக்கிறார்கள். பல தலைமுறை கண்ட நடை அது. அங்கே பெருவழக்கு பழனியப்பன். கேரளத்திலிருந்தும், குறிப்பாகப் பாலக்காட்டுப் பக்கமிருந்து, திரளாக வருவார்கள். ரமண மகரிஷியின் தொடக்ககாலத் தொண்டரான பழனிசாமி மலையாளி. 1897 வாக்கில் திருவண்ணாமலை குருமூர்த்தத்தில் இளம் ரமணரிடம் வந்து சேர்ந்து, பல ஆண்டுகள் உடனிருந்தார். தமிழ் சரளமாக வாசிக்க வராத அவர் கைவல்ய நவநீதம் முதலான தமிழ் நூல்களை வாங்கிவந்து திணறுவதைக் கண்டு, ரமணர் தாமே படித்துச் சாரத்தைச் சொன்னார். ரமணருக்கு வேதாந்த நூல்களோடு ஏற்பட்ட பழக்கத்துக்கு இந்தப் பழனிசாமி ஒரு வாயில்.

பெயரிடும் முறை

இந்தப் பெயர் வீட்டுக்குள் வருவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று நேர்த்திக்கடன். பிள்ளை இல்லாதவர்கள், பிறந்த பிள்ளை தங்காதவர்கள், நோயில் கிடந்த குழந்தையின் பெற்றோர் பழனிக்கு வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் பலித்ததும் குழந்தையை எடுத்துப்போய் அடிவாரத்தில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் அப்பி, மலைமேல் கொண்டுபோய்ச் சாமி பெயரையே வைப்பார்கள். அந்தப் பிள்ளையை வீட்டில் ‘பழனியாண்டவன் குடுத்த புள்ள’ என்றே பேசுவார்கள்.

மற்றொரு வாசல் தாத்தா. தந்தைவழிப் பாட்டனின் பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது பரவலான வழக்கம். கொங்குப் பகுதியில் ‘அப்பாரு பேரு’ என்பார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பது பழைய கட்டு. ஆகவே பெற்ற மகனையே தாய் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் ‘பெரியவனே’, ‘சாமீ’ என்று அழைப்பாள். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் அட்டையிலும் பழனிசாமியாக இருந்தவர், தாயின் வாயில் ஒருநாளும் பழனிசாமியாக இல்லாமலே வளர்ந்திருப்பார். அந்தத் தலைமுறைப் பெண்கள் காட்டிய மரியாதையின் கடுமை இந்தப் பெயரில் பதிந்திருக்கிறது.

தாத்தா பெயர் பேரனுக்கு, தந்தை பெயர் முதலெழுத்துக்கு என்ற இந்த ஏற்பாட்டால் ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை முளைக்கும். உத்தமபாளையத்துப் பொன்னம்பலத் தியாகராசனின் குடும்பம் இதற்குத் தெளிவான சான்று. நீதிக்கட்சித் தலைவரும் 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாண முதலமைச்சருமான அவர் பி.டி. ராஜன் என்று அறியப்பட்டார். மகன் பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை தமிழகச் சட்டப்பேரவைத் தலைவர். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021 முதல் 2023 வரை மாநில நிதியமைச்சர். தாத்தாவின் தியாகராஜனும் தந்தையின் பழனிவேலும் பேரனிடம் ஒன்றுசேர்ந்துவிட்டன.

குறிப்பிடத்தக்கவர்கள்

*எடப்பாடி கே. பழனிசாமி* (பிறப்பு 1954): சேலம் மாவட்டம் சிலுவம்பாளையத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். 1989இல் எடப்பாடித் தொகுதியிலிருந்து முதன்முறை சட்டப்பேரவைக்குச் சென்றார். பிப்ரவரி 2017 முதல் மே 2021 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சர். 2023இல் அ.தி.மு.க. பொதுச்செயலாளரானார். ஊடகங்கள் எழுதும் ‘இ.பி.எஸ்.’ என்ற சுருக்கத்தின் முதலெழுத்து எடப்பாடியைக் குறிப்பது.

*பழனி சுப்பிரமணிய பிள்ளை* (1908–1962): மிருதங்க மேதை. பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி ஆகியோருடன் மூவராகப் போற்றப்படுபவர். இடக்கையால் வாசித்தவர். ஊரே பெயரின் முன்னொட்டாக நின்றதற்கு இவர் எடுத்துக்காட்டு.

*பழனி* (இறப்பு 2020): இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த இராணுவ ஹவில்தார். ஜூன் 2020இல் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் உயிர் நீத்தார். மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

*நல்லா ஜி. பழனிசாமி*: மருத்துவர், கோயம்புத்தூர் கே.எம்.சி.எச். மருத்துவமனையை நிறுவியவர்.

*கரு. பழனியப்பன்*: ‘பார்த்திபன் கனவு’ (2003) படத்தின் இயக்குநர், மேடைப் பேச்சாளர்.

*பழநிபாரதி*: கவிஞர், திரைப்படப் பாடலாசிரியர்.

பதிப்புலகில் பழனியப்பா பிரதர்ஸ் நிறுவனத்தின் பெயரைக் கோனார் தமிழ் உரையின் அட்டையில் பார்க்காத தமிழ் மாணவர் அரிது.

கடல் கடந்த பின்

வணிகத்துக்காகச் சென்ற நகரத்தாரும் தோட்டத் தொழிலுக்காகச் சென்ற ஏழைகளும் பழனியைத் தங்களோடு கொண்டுபோனார்கள். சிங்கப்பூரில் நகரத்தார் 1859இல் எழுப்பிய கோயில் தெண்டாயுதபாணிக்கு உரியது. தைப்பூசம் இன்று மலேசியாவின் பெருவிழாக்களுள் ஒன்று. பினாங்கில் பிறந்த ஜி. பழனிவேல் மலேசிய இந்தியன் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராகவும் மத்திய அமைச்சராகவும் இருந்தார். இலங்கை மலையகத்தில் தொழிற்சங்கத் தலைவர் பழனி திகாம்பரம் 2015இல் அமைச்சரானார். அமெரிக்காவில் பிறந்து ஹவாய் மடத்தில் துறவு பூண்டு, ‘இந்துயிசம் டுடே’ இதழின் ஆசிரியராக விளங்கிய ஒருவருக்கு அமைந்த பெயரும் பழனிசாமிதான்.

வெளிநாட்டுப் படிவங்கள் இந்தப் பெயரின் தன்மையை மாற்றின. இயற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் என்று படிவம் கேட்கும்போது, தமிழர் இரண்டாவது கட்டத்தில் தந்தை பெயரை விரித்து எழுதுகிறார்கள். முன்னாள் மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் முதலெழுத்து, தந்தை பழனியப்பனைக் குறிப்பது. ஊரில் ஒற்றை எழுத்தாக நிற்பது, முழுப்பெயர் கேட்கும் இடங்களில் பழனியப்பன் சிதம்பரம் என விரிகிறது. மெல்பர்ன் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் மாரிமுத்து பழனிசாமியை ஆய்வுலகம் கடைசிப் பெயரால்தான் சுட்டுகிறது. அயல்நாட்டில் தந்தை பெயரே பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் கடைசிப் பெயராக இறங்கும் வீடுகளில், கோவாச் போலவே பழனிசாமியும் பரம்பரைப் பெயராகிறது.

எழுத்து வடிவங்கள்

பழனி, பழநி இரண்டும் வழக்கில் உள்ளன. பழைய நூல்களிலும் இலக்கிய ஈடுபாடு உடையவர் எழுத்திலும் பழநி மிகுதி. சாமி, ச்சாமி, சுவாமி என ஈறும் மாறும். ஆங்கில எழுத்தில் போடும்போது வடிவங்கள் மேலும் பெருகுகின்றன. சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம் என்று இருந்து, திருத்தம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் பலர். ஒருவர் தம் பெயரைத் தமிழில் எப்படி எழுதுகிறாரோ அதையே மூலமாகக் கொள்வது பதிவேடுகளுக்கு நல்லது.

இன்றைய நிலை

புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்பெயரை அப்படியே வைப்பது குறைந்துவருகிறது. முருகன் பெயர் வேண்டும் என்போர் கார்த்திக், வேலவன், சரவணன் என்று தேர்ந்துகொள்கிறார்கள். பழனிசாமி முதலெழுத்தாகவும் வெளிநாட்டுக் கடைசிப் பெயராகவும் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றத்தில் தொலைந்துபோகக் கூடியது பெயருக்குப் பின்னால் இருந்த வேண்டுதல். யார் நோய்க்காக நேர்ந்தார்கள், எந்த ஊரிலிருந்து எந்த வழியாகக் காவடி எடுத்தார்கள், எந்த ஆண்டு மொட்டை போட்டார்கள் என்பது வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. குடும்ப வரலாறு எழுத நினைப்பவர்கள் முதலில் அதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். தாண்டிக்குடியின் மலைக்கதை முதல் சிங்கப்பூர்க் கோயில் வரை இந்தப் பெயரைச் சுமந்துபோனவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத உழவர்களும் தோட்டத் தொழிலாளிகளும் சிறுவணிகர்களுமே. பட்டியலில் இடம்பெறும் முதலமைச்சர்களுக்கும் மேதைகளுக்கும் அந்தப் பெயரைத் தந்தவர்கள் அவர்கள்தான்.