வாவியின் ஒலியும் சந்தையின் விலையும்

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள அமிர்தகழி, மாமாங்கேசுவரர் கோயிலாற் புகழ்பெற்ற ஊர். அவ்வாவியின் பாடும் மீன்களை நாடே அறியும். 1848ஆம் ஆண்டில் அங்கு வந்த எமர்சன் தெனன்ற், நிலாவொளியில் மீனவரோடு தோணியிற் சென்று அவ்வொலியைக் கேட்டார். தோணியின் பலகையிற் காதை வைத்தபோது ஒலி பெருகியதென்று பின்னர் எழுதினார். இரைச்சலை விலக்கி வேண்டியதைக் கேட்கும் இக்கலை, பங்கு வாணிகத்திலும் புகுந்தது.

கொழும்புச் சந்தையிற் சில வங்கிகளின் பங்குகள் வாக்குரிமை உள்ளவை, இல்லாதவை என இருவகைப்படும். இரண்டும் ஒரே வங்கியின் செல்வத்தைச் சார்ந்தவை. எனினும் விலைகளுக்கிடையே இடைவெளி உண்டு. இத்தகைய இடைவெளி வழக்கத்துக்கு மேல் விரியும்போது, விலை கூடியதை விற்று, குறைந்ததை வாங்கி, அது சுருங்கும்வரை காத்திருப்பதே புள்ளிவிவர வழி வாணிகம். நியூயோர்க்கில் 1980களின் நடுவில், மோர்கன் ஸ்டான்லி நிறுவனத்தில் நுன்சியோ டார்ட்டாக்லியாவின் குழு இம்முறையைப் பெரிய அளவிற் கையாண்டது.

ஆனால் வழக்கமான இடைவெளி எது? அன்றாட விலைத் துள்ளல்கள் அதனை மறைக்கின்றன. பல நாட்களின் சராசரியோ, மாற்றத்தைக் காலந்தாழ்த்தியே காட்டும்.

இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்காக நோர்பேட் வீனர் வடிகட்டற் கணிதத்தை வகுத்தார். 1960இல் றுடோல்ஃப் கால்மன் வெளியிட்ட முறை, அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டியது. இம்முறை இன்றைய இடைவெளியை முன்கூட்டிக் கணிக்கும். உண்மை விலை வந்ததும் பிழையை அளந்து, அதில் ஒரு பகுதியை மட்டும் ஏற்று மதிப்பீட்டைத் திருத்தும். இரைச்சல் மிகுந்தால் ஏற்கும் பகுதி குறையும். எனவே வீணான கொடுக்கல்வாங்கலும் தரகுச் செலவும் குறைகின்றன.

எனினும் ஓர் ஆபத்து உண்டு. இடைவெளி விரிந்தது இரைச்சலாலா, நிறுவனமே நலிந்ததாலா என்பதை வடிகட்டி அறியாது. 2007 ஆகஸ்டில், ஒரேவகைக் கணக்கை நம்பிய அமெரிக்க நிதியங்கள் பல, ஒரே வேளையில் விற்க முற்பட்டுப் பெருநட்டமடைந்தன. சில நாட்களில் விலைகள் பெரும்பாலும் மீண்டன. அதற்குள் அஞ்சி விற்றவர் இழந்தது இழந்ததே.

பலகையிற் காதை வைத்தவன் மீனின் ஒலியைக் கேட்பான். வரும் புயலைப் பலகை சொல்லாது. அதற்கு வானத்தையும் பார்க்கவேண்டும்.