வடகிழக்கு மாகாணம்: இணைப்பும் பிரிப்பும்

இலங்கையில் வடகிழக்கு மாகாணம் என்ற ஒன்று 1988 செப்டெம்பர் தொடக்கம் 2006 டிசம்பர் முடிய இருந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அதற்கென ஒரு சபையும் முதலமைச்சரும் இயங்கிய காலம் ஒன்றரை ஆண்டைத் தாண்டவில்லை. அது பிறந்தபோதும் மறைந்தபோதும் கிழக்கு மக்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை. இணைப்பை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மாகாண எல்லை மாறாத ஒன்றாக என்றுமே இருந்ததில்லை. கோல்புறூக் குழுவின் பரிந்துரைக்குப் பின் 1833இல் ஆங்கிலேயர் ஐந்து மாகாணங்களை வகுத்தபோது, நுவரகலாவிய வடக்கோடும் தமன்கடுவ கிழக்கோடும் சேர்ந்திருந்தன. 1873இல் அவற்றைப் பிரித்தெடுத்து வடமத்திய மாகாணம் அமைத்தார்கள். 1889க்குள் மாகாணங்கள் ஒன்பதாயின.

1957ஆம் ஆண்டுப் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கை இவ்விடயத்தில் வியக்கத்தக்க நிதானம் கொண்டது. வடக்கு ஒரு பிராந்தியம். கிழக்கு இரண்டோ அதற்கு மேலோ. பிராந்தியங்கள் விரும்பினால் மாகாண எல்லை கடந்தும் ஒன்றாகலாம். ஒன்றாக இருப்பது இரண்டாகவும் ஆகலாம். நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவேண்டும். சேர்வதற்கும் விலகுவதற்கும் ஒரே வழி, ஒரே உரிமை. அந்த உடன்படிக்கை அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. அன்று இழந்த வாய்ப்புக்கு நிகரான ஒன்று பின்னர் வாய்க்கவேயில்லை.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் கையொப்பமிட்ட ஒப்பந்தம், வடக்கையும் கிழக்கையும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்றுக் காலம் முதல் வாழ்ந்துவரும் பகுதிகளாக ஏற்றது. ஆயினும் இணைப்பு தற்காலிகமானது. 1988 டிசம்பர் 31க்கு முன் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு நடக்கும். பெரும்பான்மை வாக்கு முடிவைத் தீர்மானிக்கும். பிரதம நீதியரசர் தலைமையிலான குழு அதை மேற்பார்வை செய்யும். அதே ஒப்பந்தம், வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுத்தது. கேடு அங்கேதான் புகுந்தது. ஜயவர்த்தனாவுக்குப் பின் வந்த ஜனாதிபதிகளும் அதைத் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள்.

சட்டத்தின் அடித்தளமும் உறுதியற்றது. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் நின்றுவிட்டதாக ஜனாதிபதி திருப்தியடைந்தால் மட்டுமே மாகாணங்களை இணைக்க இடமளித்தது. இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் நடந்துகொண்டிருந்த வேளை அது. நிபந்தனை நிறைவேற வழியில்லை. ஆகவே அவசரகால ஒழுங்குவிதி ஒன்றினால் அந்த நிபந்தனையையே மாற்றிவிட்டு, 1988 செப்டெம்பரில் இணைப்பைப் பிரகடனம் செய்தார் ஜயவர்த்தனா. நவம்பரில் நடந்த மாகாண சபைத் தேர்தலில் வடக்கின் 36 இடங்களுக்கும் போட்டியே இல்லை. கிழக்கில் மட்டும் மக்கள் வாக்களித்தனர். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 இடங்களைப் பெற்றது. திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்டு வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். 1990 மார்ச்சில் அமைதிப்படை வெளியேறியதோடு அந்த ஆட்சியும் முடிவுக்கு வந்தது. பின்னர் ஆளுநர் ஆட்சிதான்.

கிழக்கின் கணக்கு வேறு. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கிழக்கில் தமிழர் ஏறத்தாழ 42 விழுக்காடு, முஸ்லிம்கள் 32, சிங்களவர் 25. இங்கே மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கினர். அவர்களின் அச்சத்தைக் கொழும்பின் தூண்டுதல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஆகஸ்டில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதும், அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் ஊரைவிட்டு விரட்டப்பட்டதும் அந்த வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. தமிழர் அச்சத்துக்கும் ஆதாரம் நிலத்திலேயே இருந்தது. முல்லைத்தீவும் திருகோணமலையும் தொடும் மணலாறுதான் இரு மாகாணங்களின் பொருத்து. வெலிஓயா என்ற பெயரில் அங்கே அமைந்த அரச குடியேற்றம் அந்தப் பொருத்தையே அறுப்பதாகத் தமிழர் கண்டனர். கல்லோயாத் திட்டக் குடியேற்றத்தையும் 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதையும் பார்த்தவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. இணைப்பை அவர்கள் கேட்டது நில வேட்கையால் அல்ல. இருக்கும் நிலத்துக்கு ஒரு காப்பு வேண்டியே.

2006 ஜூலையில் மக்கள் விடுதலை முன்னணியினர் இணைப்புக்கு எதிராக மனுத் தாக்கல் செய்தனர். அக்டோபர் 16இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் ஆயம் 1988ஆம் ஆண்டுப் பிரகடனங்கள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அவசரகால ஒழுங்குவிதியால் நாடாளுமன்றச் சட்டத்தை அவ்வாறு மாற்ற முடியாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு வழிமுறையைப் பற்றியது. வடக்கும் கிழக்கும் இணையலாமா என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. நாடாளுமன்றம் நினைத்திருந்தால் குறையைச் சட்டம் இயற்றித் திருத்தியிருக்கலாம். அரசு நினைக்கவில்லை. 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் இரண்டாயின. கிழக்கு 2008 மே மாதத்தில் தன் சபையைத் தெரிவுசெய்தது. வடக்கு 2013 செப்டெம்பர் வரை காத்திருந்தது.

அரசமைப்பின் 154அ உறுப்புரையின் மூன்றாம் பந்தி, அடுத்தடுத்துள்ள இரண்டு அல்லது மூன்று மாகாணங்கள் ஓர் அலகாவதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று இன்றும் சொல்கிறது. அந்த வழியில் மீண்டும் செல்ல நினைக்கும் தமிழ்த் தலைவர்கள் கொழும்புக்கும் டில்லிக்கும் போவதற்கு முன் கல்முனைக்கும் மூதூருக்கும் போகவேண்டும். முஸ்லிம்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் தென்கிழக்கு அலகைப் பற்றித் தங்கள் விடையை எழுத்தில் கொடுக்கவேண்டும்.