நான்காம் இடமும் ஐந்தாம் இடமும்

"உலகின் தலைசிறந்த பத்துப் பாடல்களுள் நான்காவதாக நம் இளையராஜாவின் பாடலை பி.பி.சி. தேர்ந்தெடுத்தது." கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் இந்த வாக்கியத்தைக் கேளாமல் நமக்கு ஓராண்டும் கழிந்ததில்லை. சொல்லும் மாணவர்களுக்கு அது நடந்தபோது நடை பழகும் வயது; பலர் பிறக்கவேயில்லை. செய்தி பிழையன்று. ஆயினும் 'தேர்ந்தெடுத்தது' என்னும் ஒரு சொல்லில் பிழை இருக்கிறது. அந்தச் சொல்லைத் திருத்தப் புகுந்தால், அந்தப் பட்டியலைக் குறித்தே வேறு விதமாகப் பேச நேர்கிறது. நெடுநாளாக எழுத எண்ணியிருந்ததை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

பி.பி.சி. உலக சேவை 1932 டிசம்பரில் தொடங்கியது. அதன் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2002-இல், உலகின் விருப்பப் பாடல் எது என்று நேயர்களிடம் அந்நிலையம் கேட்டது. ஏறத்தாழ 7000 பாடல்கள் முன்மொழியப்பட்டன. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் முதற்பத்து அறிவிக்கப்பட்டது. வானொலி நிலையம் செய்தது எண்ணிச் சொன்னது மட்டுமே. தேர்ந்தவர்கள் நேயர்கள். இசை வல்லுநர் குழு எதுவும் கூடி அமர்ந்து நான்காம் இடத்தை அளிக்கவில்லை.

அந்தப் பத்தையும் வரிசையாகச் சொல்லிவிடுவோம்; நம்மவர் மேடைகளில் அதை யாரும் முழுமையாகச் சொல்வதில்லை. முதலிடம் 'வுல்ஃப் டோன்ஸ்' என்னும் அயர்லாந்துக் குழுவினர் பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'வைட்டல் சைன்ஸ்' குழுவின் 'தில் தில் பாகிஸ்தான்'. நான்காவது 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாவது ஈழத்துப் பாடகர் திருமலைச் சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஆறாவது இராக்கியப் பாடகர் காதிம் அல் சாஹிரின் 'அனா வ லைலா'. ஏழாவது நேபாளத்து அருண் தாபாவின் 'ரிது ஹருமா திமி'. எட்டாவது ஷேர் பாடிய 'பிலீவ்'. ஒன்பதாவது ஏ.ஆர். ரஹ்மானின் 'சையா சையா'. பத்தாவது குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'.

பத்தில் ஆறு நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவை; இரண்டு தமிழ்ப் பாடல்கள். ஒன்பதாவதையும் பாதி நம்முடையது என்று சொல்லிக்கொள்ளலாம்: இசையமைத்தவர் சென்னைக்காரர், படமாக்கப்பட்டது நீலகிரி மலை ரயிலின் கூரைமேல், 1998-இல் 'உயிரே' வழியாகத் தமிழிலும் அது வந்தது. ஆங்கில உலகம் தன் இசையே உலக இசை என்று எண்ணியிருந்த காலத்தில், அதன் வானொலியிலேயே அதற்கு இப்படியொரு பட்டியல் வாய்த்தது. (பத்தாம் பாட்டை எழுதிப் பாடிய ஃப்ரெடி மெர்குரி, பார்சிக் குடும்பத்தில் பிறந்து பஞ்ச்கனியில் பள்ளிப்படிப்புப் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் சுவையாகும்.)

முதல் மூன்று பாடல்களைப் பாருங்கள். முதலாவது 1840-களில் தாமஸ் டேவிஸ் எழுதியது. அயர்லாந்து மீண்டும் ஒரு நாடாக வேண்டும் என்னும் வேட்கையைச் சொல்வது. இரண்டாவது பங்கிம் சந்திரரின் 'ஆனந்த மடம்' நாவல்வழி 1882-இல் பரவியது; பாரதி அதை இருமுறை தமிழாக்கினார். மூன்றாவது 1987-இல் பாகிஸ்தானிய இளைஞர்கள் நால்வரின் மேற்கத்தியக் கருவியிசையில் பிறந்தது. மூன்றும் நாட்டுப் பாடல்கள். ஐந்தாவதோ நாட்டை இழந்து நடந்தவர்களின் பாடல். முதலிடத்துப் பாடலுக்காக அயர்லாந்து அன்பர்கள் மின்னஞ்சல்வழி வாக்குத் திரட்டினார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. மற்றவர்கள் மட்டும் திரட்டாமலா இருந்திருப்பார்கள்? அதைக் குற்றமாக நாம் கருதவில்லை. 'எந்தப் பாட்டு உனக்குப் பிடிக்கும்?' என்று கேட்டார்கள். 'நாங்களும் இருக்கிறோம், எண்ணிக்கொள்ளுங்கள்' என்று பலர் விடை சொன்னார்கள். ஆகவே இதை இசைத் தரவரிசையாகப் படிப்பதைவிட ஒரு மக்கட்தொகைக் கணக்காகப் படிப்பதே பொருந்தும் என்பது நம் எண்ணம். அந்தக் கணக்கிலும், இணையம் கைவசம் இருந்தவர்களின் தலைகளே பெரிதும் எண்ணப்பட்டன.

எண்ணப்படாத ஊர்களுள் ஒன்று நம்முடையது. சேர்வராயன் மலையில் உள்ள செம்மநத்தத்தில் அந்த டிசம்பரில் காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. நாம் அப்போது முதுகலைத் தமிழ் மாணவர். மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமானால் ஏர்க்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டும். ஒரு பாட்டுக்கு வாக்களிப்பதற்காக அப்படி இறங்கியவர் எவரும் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் பாட்டுக் கேட்பதில் இம்மலை எவருக்கும் பின்தங்கியதன்று. வானொலியின் சிறப்பே அதுதான். சாலை வருமுன் அது வந்துவிடும்.

நிற்க. வானொலியும் விருப்பப் பட்டியலும் இணைந்த கதை பி.பி.சி.யில் தொடங்கியதன்று. 1952-இல் பி.வி. கேஸ்கர் நடுவண் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாத்திரிய இசையே மக்களுக்கு நன்மை பயக்கும் என்னும் உறுதியில், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் இடத்தைச் சுருக்கினார். சுருக்கியது இங்கே, பெருகியது கொழும்பில். அதே 1952-இல் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில், பற்பசை நிறுவனம் ஒன்றின் விளம்பர ஆதரவோடு அமீன் சயானி 'பினாகா கீத்மாலா'வைத் தொடங்கினார். இசைத்தட்டு விற்பனையையும் நேயர் கருத்தையும் கொண்டு வாரந்தோறும் பாடல்களைப் படிப்படியாக ஏற்றி இறக்கினார். படிக்கு அவர் வைத்த பெயர் 'பாய்தான்'. சில ஆண்டுகளில் தில்லி இறங்கிவந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவிதபாரதி பிறந்தது. ரசனையை மேலிருந்து திருத்தும் முயற்சிகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்குத் தெரியாது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மறைந்தபோது, இந்தி ஒரு சொல்லும் அறியாத எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தக் குரலை நினைவுகூர்ந்தார்.

தமிழுக்கு வாய்த்தது வேறு மரபு. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன் தொடங்கி கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது வரையிலான அறிவிப்பாளர்களின் குரலைக் கடல் தாண்டி இங்கே கேட்டார்கள். தோட்டத்து லைன் வீடுகளில் பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள் என்று மூத்தோர் சொல்வார்கள். அப்படிக் காயவைத்ததைச் சிறுவயதில் நாமும் கண்டிருக்கிறோம். அந்த நிலையத்தின் 'நேயர் விருப்ப'த்தில் முதலிடம், இரண்டாமிடம் என்பது முக்கியமன்று. பாட்டுக்கு முன்னால் பெயர்கள் வரும். ஊர்ப்பெயரோடு, தம்பி தங்கையரோடு, நண்பர்களோடு ஒரு பெரிய வரிசை. ஓர் அஞ்சலட்டையில் ஏழெட்டுப் பெயர்களை நெருக்கி எழுதுவது ஒரு கலையாகவே இருந்தது. பாட்டு எப்படியும் வரும், பெயர் வருமா என்பதே கேள்வி. பெயர் வந்துவிட்டால் பாட்டைக் கேட்கக்கூட யாரும் நிற்பதில்லை. அண்டை வீட்டுக்குச் சொல்ல ஓடுவார்கள்.

பி.பி.சி. பட்டியலில் இது தலைகீழாயிற்று. கேட்டவர்களின் பெயர்கள் போயின, எண்கள் நின்றன.

இனி, நான்காம் பாடலைப் பற்றி நம் சொந்தக் கருத்து. 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி' மணிரத்னமும் இளையராஜாவும் சேர்ந்து பணியாற்றிய கடைசிப் படம். மறு ஆண்டே 'ரோஜா' வந்தது. அப்படத்தில் நம் மனத்துக்கு நெருக்கமானவை 'சின்னத் தாயவள்', 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' ஆகிய இரண்டும். வாக்களிக்கும் வாய்ப்பு இருந்திருந்தால் அவற்றுள் ஒன்றுக்கே அளித்திருப்போம். எனினும் 'ராக்கம்மா'வை வெறும் ஆட்டப்பாட்டு என்று ஒதுக்குவாரோடு நமக்கு உடன்பாடில்லை. வாலியின் கொச்சைச் சொற்களில், எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும் ஏற்றிக்கொண்டே போகும் அந்த ஆரவாரம் நடுவில் ஓய்ந்து, திருநாவுக்கரசர் தில்லையில் பாடிய நான்காம் திருமுறைப் பாடலொன்று ஒலிக்கிறது. கூத்தனின் தோற்றத்தைக் காணப் பெற்றால் மானிடப் பிறவியும் வேண்டத்தக்கதே என்பது அதன் கருத்து. சேரியின் கைத்தட்டலும் கோயிலின் பண்ணும் ஒரே தாளத்தில், ஒன்றையொன்று கீழிறக்காமல் நிற்கின்றன. இதைச் செய்யத் துணிந்தவர் திரையிசையில் மிகச் சிலரே. ஏழாம் நூற்றாண்டின் தமிழ்ச் செய்யுள் ஒன்று 2002-இன் உலகப் பட்டியலில் ஏறிவிட்டதைத் தமிழ்த்துறைகள்கூடப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் பாடலுக்கு வருகிறோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: பட்டியல் வெளிவந்தபோது அது எந்தப் பாடல் என்று நமக்குத் தெரியாது. நாம் படித்த நாளிதழின் பெட்டிச் செய்தியில் நான்காம் இடம் தடித்த எழுத்தில் இருந்தது. ஐந்தாவது இல்லவே இல்லை. தமிழகத்தின் பெருமிதம் நான்கோடு நின்றுவிட்டது. அடுத்த வரியிலேயே இருந்த தமிழ், நம் கண்ணுக்குத் தமிழாகப் படவில்லை. ஈழத்தின் இடப்பெயர்வைப் பாடும் பாட்டு அது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு, மழையில், குறுகிய சாலை வழியே, சில லட்சம் பேர் ஒரே இரவில் வெளியேறத் தொடங்கினார்கள். தலைப்பில் நடக்கும் பூவும் பிஞ்சும் யார் என்று கேட்பவருக்கு அந்த இரவே விடை. அதற்கு வாக்களித்தவர்களில் எத்தனையோ பேர் டொராண்டோவிலும் லண்டனிலும் ஜெர்மனியிலும் இருந்தார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. புலம்பெயர்ந்த வாழ்வே அவர்களுக்குக் கணினியையும் கொடுத்திருந்தது. இசைநுட்பத்தில் அது 'ராக்கம்மா'வுக்கு நிகரன்று என்று ஒரு நண்பர் வாதிட்டார். இருக்கலாம். ஒப்பாரியில் எவரும் சங்கதி தேடுவதில்லை.

இம்மலைக்கும் நடந்து வந்த கதை ஒன்று உண்டு. இங்குள்ள மலையாளி மக்கள், தம் முன்னோரான அண்ணன் தம்பியர் மூவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு, சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் பிரிந்து தங்கியதாகச் சொல்வார்கள். பட்டியல் எதிலும் இடம்பெறாத பாட்டுகளில் அது இன்றும் வருகிறது. அவற்றையும் சேர்த்து எழுத வேண்டுமென்றால் இன்னொரு கட்டுரை வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் இந்தப் பத்தையும் கரும்பலகையில் எழுதினோம். நான்காவதற்கு எதிர்பார்த்தபடியே கைத்தட்டல். ஐந்தாவதை எழுதும்போது வகுப்பு பேசத் தொடங்கிவிட்டது. பின்வரிசை மாணவர் ஒருவர் மட்டும் எழுந்து, பாடகர் பெயரில் நாம் விட்ட ஒற்றெழுத்தைச் சொன்னார்: "சந்திரனுக்கு முன்னால 'ச்' வரணும் ஐயா." எப்படித் தெரியும் என்று கேட்டோம். வீட்டில் போடுவார்கள் என்றார். எந்த வீடு என்று மேலும் கேட்டது நம் பிழை. சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு; 2021-க்குப் பின் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அவர் அங்கே பிறந்தவர். தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டில் படித்து, இன்னும் எந்த நாட்டின் வாக்காளரும் அல்லர்.

மறுநாள் பழைய 'நேயர் விருப்பம்' போல ஒரு பயிற்சி வைத்தோம். ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ஒரு பாட்டும், விரும்பிக் கேட்போர் பெயர்களும் எழுத வேண்டும். அறிவிப்பாளர் நடையில் நாம் படிப்போம். பிறகு கைப்பேசியில் பாட்டைப் போடுவோம். பெரும்பாலான சீட்டுகளில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அம்மாணவர் சீட்டில் ஐந்தாம் பாடலின் பெயரும், இரு பக்கமும் நெருக்கி எழுதிய பெயர்களும் இருந்தன: மன்னாரில் ஒரு பெரியம்மா, பிரான்சில் இரு மாமாமார், இடம் குறிப்பிடாத சிலர். அவருடையது கடைசிச் சீட்டு. அத்தனை பெயர்களையும் உரக்கப் படித்தோம். படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாட்டைப் போட நேரமில்லை.