கமலாலயம்

கமலாலயம் என்பது தமிழ்நாட்டின் திருவாரூர் நகரில், தியாகராசர் கோயிலின் மேற்குப் புறத்தில் அமைந்துள்ள பெரிய திருக்குளம் ஆகும். காவிரிப் படுகையில் உள்ள ஒரு கோயில் நகரின் வானுயர்ந்த தோற்றத்தை நீரின் நடுவிலிருந்து முழுமையாகக் காணக்கூடிய இடங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

பரப்பு

கோயில், குளம், செங்கழுநீர் ஓடை ஆகிய மூன்றும் தனித்தனியே ஐந்து வேலி பரப்புடையவை என்பது மரபு வழக்கு. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்பதால், ஐந்து வேலி சுமார் 33 ஏக்கர் ஆகும். ஒப்பீட்டுக்கு, மன்னார்குடியின் அரித்திரா நதி என்னும் குளம் சுமார் 23 ஏக்கர் பரப்புடையது. கமலாலயத்தின் நடுவே நாகநாதர் கோயில் உள்ளது. இதற்குப் படகில் செல்லவேண்டும்.

நீரிலிருந்து காணும் தோற்றம்

படுகை நிலம் சமதளமானது. நகரை மேலிருந்து நோக்கக் குன்று எதுவும் இல்லை. தெருக்களில் நிற்பவருக்கு வீடுகளும் மதிலும் கோபுரங்களை மறைக்கின்றன. குளத்தின் பரந்த நீர்ப்பரப்பில் அத்தகைய தடை இல்லை. மிச்சிகன் ஏரியிலிருந்து சிகாகோ நகரம் முழுமையாகத் தெரிவதும் இதே காரணத்தினாலேயே. ஆனால் அங்கு வானைத் தொடுபவை வணிகக் கட்டடங்கள், இங்கு கோபுரங்கள்.

நடுக்குளத்திலிருந்து கிழக்கே நோக்கினால் மேலைக் கோபுரம் முன்னே நிற்கும். மேற்குக் கரையை நோக்கி விலகிச் செல்லச் செல்ல, மதிலுக்குப் பின்னுள்ள கோபுரங்கள் மேலெழுவது போலத் தோன்றும். கிழக்குக் கரையை நெருங்கினால் மேலைக் கோபுரமும் மதிலும் மற்றவற்றை மறைத்துவிடும். ஏனைய மூன்று கரைகளிலும் வீடுகளும் கடைகளும் வரிசையாகத் தெரிகின்றன.

இத்தோற்றம் ஒரே காலத்தில் உருவானதன்று. கோயில் வளாகத்திலுள்ள அரநெறிக் கோயிலைச் செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக்கினார். தியாகராசர் கோயில் முதலாம் இராசேந்திர சோழன் (1014–1044) காலத்தில் கற்றளியாயிற்று. இதனுடன் தொடர்புடைய பரவை நங்கையின் பெயர் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. கோபுரங்கள் பல காலங்களைச் சேர்ந்தவை.

தெப்பத் திருவிழா

ஆண்டுதோறும் மூன்று இரவுகள் நடைபெறும் தெப்பத் திருவிழாவில், பீப்பாய்களின் மீது அமைக்கப்படும் தெப்பம் குளத்தை வலம் வரும். கரையிலிருந்து வடங்களால் அது இழுக்கப்படும். இறைவன் திருவுருவத்துடன் இசைக் கலைஞர்களும் தெப்பத்தில் இடம்பெறுவர்.

பாதுகாப்பு

குளம் வற்றினால் படகும் தெப்பமும் ஓடா. எனவே இக்காட்சி, மழையையும் ஆற்றுநீர் வரத்தையும் சார்ந்தது. மிகுதியான மழையும் இடர் தரக்கூடியது: 2021 நவம்பர் மழையின்போது தென்கரைச் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கரைச் சுவர் நீரைத் தேக்குவதோடு, கரையோரச் சாலையையும் தாங்குகிறது. ஆகவே குளத்தைப் பேணுவது கோயிற் பணி மட்டுமன்று, நகரின் பாதுகாப்புப் பணியும் ஆகும்.